எதிர்வீட்டுக்குப் போகும் பஸ்

அல்லியேரியில் முனிரத்தினத்தின் வீட்டுக்கும் ஜெயவேலுவின் வீட்டுக்கும் நடுவே இருந்த தெரு 1987-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் அகலமாகத் தொடங்கியது. முதல் நாள் ஒரு முழம் கூடியிருக்கும். அந்த வாரம் குரோம்பேட்டையில் தக்காளி விலை ஏறியிருந்ததால் ஊரின் பேச்செல்லாம் தக்காளியைப் பற்றியே இருந்தது. தெரு கூடியதை யாரும் பெரிசுபடுத்தவில்லை. ஜெயவேலுவின் மனைவி கிளியம்மாள் மட்டும் கண்டுபிடித்தாள், அதுவும் குழம்பை வைத்து.

கிளியம்மாள் முனிரத்தினத்தின் கூடப்பிறந்த தங்கை. பிறந்த வீடும் புகுந்த வீடும் எதிரெதிரே இருந்தன. அவள் கல்யாணத்தின்போது பெண்ணழைப்புக்குக் கார் வைக்கலாமா என்று பேச்சு வந்ததாம். "காரைத் தெருவுல நிறுத்தினா இந்தக் கதவு நம்ம வூடு, அந்தக் கதவு மாப்ள வூடு. பொண்ணு இப்படி ஏறி அப்படி எறங்க வேண்டியதுதான். நடுவுல டிரைவருக்கு இன்னா வேலை?" என்று முனிரத்தினம் கேட்க, பந்தலே சிரித்தது. அத்தனை குறுகல். கல்யாணமான மறுநாளிலிருந்து அவள் எந்தக் குழம்பு வைத்தாலும் முதல் கிண்ணம் அண்ணனுக்குப் போகும். முந்தானையில் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டுவாள். கொதி அடங்குவதற்குள் அண்ணன் சோற்றில் இருக்கும். ஏரி விரால் என்றால் முனிரத்தினம் வாசலிலேயே வந்து நின்றுவிடுவார். அண்ணி அஞ்சம்மாள் அதே கிண்ணத்தில் ஒரு பிடி முருங்கைக்கீரையோ நாலு கொய்யாவோ போட்டுத் திருப்பிக் கொடுப்பாள். வெறுங்கிண்ணம் திரும்பக் கூடாது என்பது இரண்டு வீட்டுக்கும் பொதுவான சட்டம்.

கட்சி மட்டும் பொது இல்லை. ஏர் ஓட்டிய நிலத்தை மனை போட்டு விற்ற முனிரத்தினம் ஒரு கட்சி, ஜி.எஸ்.டி. ரோட்டில் சிமெண்டுக் கடை வைத்திருந்த ஜெயவேலு இன்னொரு கட்சி. 1986-இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது மச்சான்கள் இருவரும் ஆளுக்கொரு கரைவேட்டி கட்டி, ஆளுக்கொரு ஆட்டோவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் நாக்கு வறளத் திட்டினார்கள். திட்டி முடித்து வந்து ஒரே சொம்பில் மோர் குடித்தார்கள். இந்த வீட்டு ஜன்னலுக்கும் அந்த வீட்டு ஜன்னலுக்கும் தெருவின் குறுக்கே கட்டியிருந்த ஒரே கொடிக்கயிற்றில் இரண்டு கரைவேட்டியும் காய்ந்தன. பதினைந்து வார்டில் எட்டு முனிரத்தினம் பக்கம் போயிற்று, ஏழு ஜெயவேலு பக்கம். முனிரத்தினம் அல்லியேரி பேரூராட்சித் தலைவர் ஆனார்.

அந்த முதல் வருஷத்தைப் பற்றிக் கிளியம்மாள் பின்னாளில் அடிக்கடி சொல்வாள். கூட்டத்தில் நடந்ததைப் புருஷன் வாயால் ஒரு தடவை கேட்பாள், குழம்பு கொடுக்கப் போகும்போது அண்ணன் வாயால் இன்னொரு தடவை கேட்பாள். இரண்டையும் சேர்த்தால்தான் கதை முழுசாகும். தண்ணீர்த் தொட்டியைக் கிழக்கே கட்டுவதாகத் தலைவர் சொன்னபோது, அது களிமண் பூமி, சாய்ந்துவிடும் என்று ஜெயவேலு எழுந்து நின்றார். "குத்தம் சொல்லிட்டுக் குந்திக்கினா ஆச்சா? எங்க கட்றதுன்னு நீயே சொல்லு" என்றார் முனிரத்தினம். ஜெயவேலு இடத்தைச் சொன்னார். அங்கேயே கட்டத் தீர்மானம் வந்தது, ஏழு பேரும் சேர்ந்து கை தூக்கினார்கள். தலைவர் தெருவில் மட்டும் நாலு ட்யூப்லைட் எரிகிறதே என்று ஜெயவேலு கேட்ட அன்றைக்கு முனிரத்தினத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "உன் தெருவும் அதான மச்சான்" என்றார். "அதனாலதான் கேக்கறேன். ரெண்டைக் கழட்டிக் காலனியில போடு, நாங்க இருட்டுல தடவிக்கினு போறோம்" என்றார் ஜெயவேலு. கழற்றிப் போட்டார்கள். ஒருநாள் மோர் குடித்துக்கொண்டிருக்கும்போது, "எதைச் செய்யப் போனாலும் முட்டுக்கட்டை போடறியே மச்சான்" என்று முனிரத்தினம் அலுத்துக்கொண்டார். "பொன்னியம்மன் தேரு மூலை திரும்பறதே முட்டுக்கட்டையாலதான். கட்டை போடறவன் இல்லன்னா தேரு உன் வூட்டுக்குள்ளதான் பூரும்" என்றார் ஜெயவேலு. சொம்பை வாங்கிப் போக வந்த கிளியம்மாள், "போட்ட கட்டைய எடுக்கவும் தெரியணும். இல்லன்னா தேரு தெருவுலயே நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இருவரும் சிரித்தார்கள். சிரித்ததோடு சரி.

வினை ஒரு மரியாதையில்தான் ஆரம்பித்தது. சட்டசபையில் இருப்பதுபோல அல்லியேரியிலும் எதிர்க்கட்சித் தலைவர் என்று ஒருவர் இருக்க வேண்டும், அவருக்கு எதிர்வரிசையில் முதல் நாற்காலியும் மேஜைமேல் ஒரு பெயர்ப்பலகையும் வேண்டும் என்று முனிரத்தினத்துக்குத் தோன்றியது. செயல் அலுவலர் யக்ஞநாராயணன், "சார், ரூல்ஸ்ல டவுன் பஞ்சாயத்துக்கு அப்படி ஒரு போஸ்ட்டே கிடையாது" என்று சொல்லிப் பார்த்தார். "ரூல்ஸ்ல இல்ல, சரி. எனக்கு மச்சான் கீறானே. அவன் சும்மா கும்பலோட கும்பலா குந்திக்கினு கீறது எனக்கு நல்லா இல்ல" என்றார் முனிரத்தினம். இரண்டு கட்சிக்கும் சுவர் எழுதும் பெயிண்டர் சேட்டுவைக் கூப்பிட்டார்கள். சேட்டு பச்சைப் பலகையில் வெள்ளை எனாமலால் மன்றக் கூடத்திலேயே உட்கார்ந்து எழுதினார். எழுத்தெல்லாம் லட்சணமாக வந்தது. கடைசியாக ரகரத்தின் தலைமேல் புள்ளி வைத்தார். ஈரப் புள்ளி ஒரு நிமிஷம் நின்ற இடத்தில் நின்றது. பிறகு வலப்பக்கமாக நடந்து, வளைந்து, கீழே இறங்கிக் கொக்கியாகிவிட்டது. எதிர்க்கட்சித் தலைவர் என்று எழுதப்பட்ட பலகை எதிரிக்கட்சித் தலைவர் என்று நின்றது.

சேட்டு பதறவில்லை. "நான் புள்ளிதான் வெச்சேன், அது நடந்துகினு போச்சு. ஈரம் கீது சார், இப்பவே சொல்லுங்க, துணியால ஒரு இழுப்பு, போயிடும்" என்றார். ஆனால் அதற்குள் ஆளும் வரிசையில் யாரோ படித்துவிட்டுச் சிரித்தார். ஒருவர் சிரித்தால் எட்டுப் பேரும் சிரிக்க வேண்டும் என்பது கட்சி வழக்கம். முனிரத்தினம் துடைக்கச் சொல்லத்தான் வாயெடுத்தார். சிரிப்பு நன்றாக இருந்தது, அது அடங்கட்டும் என்று ஒரு நொடி தாமதித்தார். அந்த ஒரு நொடியை ஜெயவேலு பார்த்துவிட்டார். சேட்டு துணியோடு பக்கத்தில் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார். "வுடு. மனசுல கீறதுதான பலகையில வந்துகீது. அப்படியே இருக்கட்டும்" என்றார். மச்சான் கெஞ்சட்டும் என்று இவர் இருந்தார். மச்சான் கேட்கட்டும் என்று அவர் இருந்தார். சேட்டு இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். எனாமல் காய்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் தெருவின் குறுக்கே கட்டியிருந்த கொடிக்கயிறு படீரென்று அறுந்தது. கரைவேட்டிகள் இரண்டும் சேற்றில் விழுந்தன. பழைய கயிறு என்று இந்த வீட்டில் சொன்னார்கள், வேண்டுமென்றே அறுத்திருக்கிறார்கள் என்று அந்த வீட்டில் சொன்னார்கள். கிளியம்மாள் கத்தரிக்காய்க் காரக்குழம்பை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினாள். தினம் வைக்கும் அடிகளுக்குமேல் ஒன்று வைக்க வேண்டியிருந்தது. அண்ணன் வாசலில் போய்ப் பார்த்தால் குழம்பின்மேல் ஆடை படிந்திருந்தது. "அண்ணி, தெரு கூடிப்போச்சு" என்றாள். அஞ்சம்மாள் வாசற்படியில் நின்று பார்த்தாள். "ஆமா, கூடித்தான் போச்சு" என்று சொல்லிக் கிண்ணத்தில் முருங்கைக்கீரையைப் போட்டுக் கொடுத்தாள்.

பலகையைத் திருத்தத் தீர்மானம் வேண்டும் என்று ஆயிற்று. ஆளுங்கட்சி திருத்தத் தீர்மானம் கொண்டுவந்தால் எங்களுக்கு உங்கள் பிச்சை வேண்டாம் என்று எதிர்வரிசை எழுந்து போயிற்று, வாங்கிக்கொள்ள ஆளில்லாத தீர்மானம் கிடப்பில் விழுந்தது. எதிர்வரிசை அதே தீர்மானத்தைக் கொண்டுவந்தால் எட்டுக்கு ஏழு என்று தோற்றது. பலகை இருந்த இடத்திலேயே இருந்தது. நாளாக நாளாக எல்லோரும் அதில் எழுதியிருந்தபடியே நடந்துகொண்டார்கள். எதிர்வரிசை எது சொன்னாலும், மணி என்ன என்று சொன்னால்கூட, ஆளும் வரிசை மறுத்தது. ஆளும் வரிசை கொசு மருந்து அடிக்கலாம் என்றாலும் எதிர்வரிசை மேஜையைத் தட்டியது, கொசுக்கள் இரண்டு கட்சியையும் கடித்தன. ஜெயவேலு எழுந்தால் மைக்கை அணைக்க ஒரு ஆள் சுவிட்ச் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். மைக் அணைந்தால் ஜெயவேலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏழு பேரோடு வெளியேறுவார். மறுநாள் பேப்பரில் மூலையில் வரும்: அல்லியேரியில் வெளிநடப்பு. அதை அவர் கடையில் ஒட்டி வைத்தார். "வெளிய நடந்துட்டு வந்துட்ட, சரி. உள்ள யாரு பேசறது?" என்று கிளியம்மாள் ஒரு தடவை கேட்டாள். "உனக்கு அரசியல் தெரியாது" என்றார் ஜெயவேலு. இதையே அண்ணனிடம் போய், "அவரு பேசட்டுமே ண்ணா, பேசினா வாய்தான வலிக்கும், அதுவும் அவரு வாய்" என்றாள். "உனக்கு அரசியல் தெரியாது" என்றார் முனிரத்தினமும். அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

ஒவ்வொரு வெளிநடப்புக்கும், ஒவ்வொரு தடவை மைக் அணைந்ததற்கும் தெரு கூடிக்கொண்டே போயிற்று. முதல் வருஷம் குழம்பு வெதுவெதுப்பாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் வருஷம் எண்ணெய் உறைந்து போய்ச் சேர்ந்தது. கிளியம்மாள் கிண்ணத்தை விட்டு மூடி போட்ட தூக்குக்கு மாறினாள். மின்சார வாரியம் நடுத்தெருவில் இரண்டு வரிசை கம்பம் நட்டது. நடுவில் ஒரு டீக்கடை வந்தது, டீக்கடைக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டு. அளக்க வந்த சர்வேயர் ஒரு நாள் ஒரு அளவும் மறுநாள் வேறு அளவும் வந்ததைப் பார்த்துவிட்டு, வெயிலில் சங்கிலி நீண்டுவிட்டது என்று சொல்லிப் போனார். பின்பக்கம் யாருடைய மனையும் குறையவில்லை. அப்படியானால் அந்த இடம் எங்கிருந்து வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. முன்னாடியே உள்ளே இருந்திருக்கும், இப்போது வெளியே வந்திருக்கும் என்று ஊரில் சொன்னார்கள். 1989 தொடக்கத்தில் இந்த வீட்டு வாசலில் நின்று பார்த்தால் அந்த வீட்டு வாசலில் நிற்பது அண்ணனா அண்ணியா என்று கிளியம்மாளுக்கு அடையாளம் தெரியவில்லை.

அந்த வருஷம்தான் கால்வாய்த் தீர்மானம் வந்தது. ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் ஒரு போக்குக்கால்வாய் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகும். கால்வாயைத் தூர்த்தால் புது மனைகளுக்கு நேராக ரோடு போடலாம். ரோடு கேட்டு மனை வாங்கியவர்கள் தினமும் தலைவர் வீட்டு வாசலில் நின்றார்கள். முனிரத்தினம் கெட்ட எண்ணத்தோடு அதைக் கொண்டுவரவில்லை. ஆளும் வரிசையிலேயே இரண்டு பேருக்குக் கால்வாய்க் கரையில் வீடு. அவர்கள் முந்தின நாள் சிமெண்டுக் கடைக்கு வந்து, "அண்ணா, நீங்க எழுந்து பேசுங்க. நீங்க பேசினா அதைச் சாக்கா வெச்சிக்கினு நாங்க கையத் தூக்காம இருந்துடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஜெயவேலு இரவெல்லாம் யோசித்துப் பேச்சைத் தயார் செய்துகொண்டு போனார். கூட்டத்தில் எழுந்து, "தலைவர் அவர்களே" என்றார். மைக் அணைந்தது. குரலை உயர்த்திச் சொல்லியிருக்கலாம், மேஜைப் பக்கம் நடந்து போய்ச் சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து ஓட்டாவது போட்டிருக்கலாம். கை பழக்கத்தில் துண்டை உதறிவிட்டது. துண்டு உதறினால் கால் வெளியேதான் போகும். ஏழு பேரும் போன பிறகு அந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கை தூக்கினார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாக யக்ஞநாராயணன் படித்தார். படிக்கும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது என்பார்கள். அன்று தெரு ஒரே நாளில் இரண்டு மடங்காயிற்று.

1990 ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பியது. போகிற வழியைத் தேடியது, இல்லை. ஊருக்குள் காலியாக இருந்த இடம் ஒன்றுதான்: முனிரத்தினம் வீட்டுக்கும் ஜெயவேலு வீட்டுக்கும் நடுவில் இருந்த தெரு. ஏரி எழுந்து வந்து அங்கே படுத்துக்கொண்டது. டீக்கடைக்காரர் கூரைமேல் பாய்லரை ஏற்றி வியாபாரம் செய்தார். நாரைகள் மின்கம்பங்களில் உட்கார்ந்தன. கார்த்திகை பிறந்தும் தண்ணீர் வடியவில்லை.

கடையில் போன் அடித்தது. எடுத்த கிளியம்மாளிடம் அஞ்சம்மாள் பேசினாள். "உங்க அண்ணனுக்கு ஜுரம் எறங்கல. டாக்டர் வந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போறாரு. உன் கையால வெரால் கொழம்பு ஒரு வாய் கேக்கறாரு." கிளியம்மாள் வீட்டுக்கு வந்தபோது விரால் வாசற்படியிலேயே துள்ளிக்கொண்டிருந்தது. பிடித்து, ஆய்ந்து, குழம்பு வைத்தாள். ஜெயவேலு செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்தார். தண்ணீரைப் பார்த்தார். "நான் வந்தா, தோத்துப்போய் வந்த மாதிரி இருக்கும்" என்றார். "யாருகிட்ட தோக்கற? படுத்த படுக்கையா கீறவருகிட்டயா?" என்றாள் அவள். அவர் செருப்பைக் கழற்றினார். பள்ளிக்கரணையில் மீன் பிடிக்கும் அப்பாதுரை படகு கொண்டுவந்திருந்தார். தூக்கை மடியில் வைத்துக்கொண்டு விடிந்ததும் ஏறினாள். பாதி தூரத்தில், "யக்கா, இது தெருவா ஏரியா?" என்று அப்பாதுரை கேட்டார். "தெருதான்பா. எதிர் வூட்டுக்குத்தான் போறோம். சீக்கிரம் தள்ளு" என்றாள்.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது முனிரத்தினத்தைக் கூடத்தில் கிடத்தி, கால் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். குழம்பு சில்லென்றிருந்தது. அஞ்சம்மாள் அழுது முடித்திருந்தாள். இவளைக் கண்டதும் கட்டிக்கொண்டு மறுபடி அழுதாள். பிறகு சொன்னாள்: "கடைசியா ஒண்ணு கேட்டாரு. அன்னிக்குக் கால்வா விஷயத்துல மச்சான் இன்னா சொல்ல வந்தான்னு கேட்டாரு. கட்சிக்காரங்க எல்லாரும் இங்கதான் இருந்தாங்க. ஒருத்தருக்கும் தெரியல. மைக்கு ஆஃப்ல இருந்துச்சாமே." கிளியம்மாளுக்கும் தெரியாது. அவள் புருஷன் அந்தப் பேச்சை வீட்டில்கூடச் சொன்னதில்லை. வெளிநடப்பைப் பற்றித்தான் சொல்லியிருந்தார். காரியம் முடிந்து திரும்பும்போது அஞ்சம்மாள் தூக்கைக் கழுவிக் கொடுத்தாள். சாவு வீட்டிலிருந்து எதையும் போட்டுக் கொடுக்கக் கூடாது. கல்யாணமான நாள் முதல் பாத்திரம் வெறுமையாகத் திரும்பியது அன்று ஒரு நாள்தான்.

அண்ணன் கேட்டதை அவள் வந்து சொன்னாள். ஜெயவேலு வாசலுக்குப் போய், தண்ணீருக்கு அந்தப் பக்கம் புள்ளியாகத் தெரிந்த வீட்டைப் பார்த்து நின்றார். தோளிலிருந்த துண்டை எடுத்து வாசல் கம்பத்தில் மாட்டினார். "தலைவர் அவர்களே" என்று ஆரம்பித்து, அந்தப் பேச்சை முழுசாகச் சொன்னார். ஒரு வெற்றிலை மடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அவ்வளவு சின்னப் பேச்சு. மறுநாள் சாயங்காலமும் சொன்னார். அதற்கு மறுநாளும். 1991-இல் மன்றத்தின் காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர் வந்து உட்கார்ந்தார். அவர் ஒருவரே முன்மொழிந்து, ஒருவரே வழிமொழிந்து, ஒருவரே ஏற்றுக்கொண்டார். சண்டை இல்லை, வெளிநடப்பு இல்லை. ஊர் அமைதியாக இருந்தது. குழாயில் தண்ணீர் வராததை யாரிடம் கேட்பது என்றும் யாருக்கும் தெரியவில்லை. தெரு கூடவும் இல்லை, குறையவும் இல்லை, தண்ணீரும் வடியவில்லை. ஜெயவேலு மட்டும் தினம் விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் நின்று பேசினார். முதலில் பக்கத்து வீட்டார் பரிதாபப்பட்டார்கள், பிறகு அந்தக் குரலை வைத்து விளக்கேற்றப் பழகிக்கொண்டார்கள். "இப்ப பேசி இன்னா பிரயோஜனம்?" என்று ஒருநாள் கிளியம்மாள் கேட்டாள். "ஈரம் இருக்கசொல்லோ சேட்டு கேட்டான். நான்தான் கையப் புடிச்சேன்" என்றார் அவர். கேட்டதற்கு அது பதில் இல்லை.

1996-இல் தேர்தல் வந்தது. தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். இரண்டு கட்சியும் ஊரில் வேறு பெண்களே இல்லாததுபோல நேராக இரண்டு வீட்டுக்கு வந்தன. அஞ்சம்மாள் தலைவர் ஆனாள். கிளியம்மாள் தலைவர் தேர்தலில் தோற்று, வார்டில் நின்று ஜெயித்த தன் கட்சிக்காரி ஒருத்தி விட்டுக்கொடுக்க, இடைத்தேர்தலில் உறுப்பினராக உள்ளே வந்தாள். எதிர்வரிசை முதல் நாற்காலியைக் காட்டினார்கள். ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருந்த யக்ஞநாராயணன் பழைய பலகையைத் தேடி எடுத்து, தூசி தட்டி, மேஜைமேல் வைத்தார். எதிரிக்கட்சித் தலைவர். எழுத்து அப்படியே இருந்தது. கூடம் அவள் முகத்தைப் பார்த்தது. கிளியம்மாள் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை எடுத்துக் கொக்கியின் நுனியில் நெம்பினாள். வரவில்லை. இன்னொரு ஊசி இருந்தால் நன்றாக இருக்கும் என்று தேடியபோது, தலைவர் நாற்காலியிலிருந்து அஞ்சம்மாள் இறங்கி வந்து தன் கொண்டை ஊசியைக் கொடுத்தாள். "அந்தாண்ட பக்கமா நெம்பு. நான் இந்தாண்ட புடிக்கறேன்." கொக்கி ஒரே துண்டாக உரிந்து வந்தது. ரகரத்தின் தலைமேல் முதலில் வைத்த புள்ளி அடியில் அப்படியே இருந்தது.

பிறகு கிளியம்மாள் எழுந்து, "தலைவர் அவர்களே" என்றாள். சுவிட்ச் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் பழக்கத்தில் கையைத் தூக்கினான். "கைய எறக்குடா" என்றாள் அஞ்சம்மாள். "நீ சொல்லு கிளி. முழுசா சொல்லு, நான் கேக்கறேன். அவரு கேட்டாரு, நான் கேக்கறேன்." ஆறு வருஷம் தினமும் வாசலில் கேட்ட பேச்சு, கிளியம்மாளுக்கு ஒரு சொல் தவறவில்லை. "ஏரின்னா வர்ற வழியும் வேணும், போற வழியும் வேணும். போற வழிய அடைச்சிட்டா தண்ணி வந்த வழியா திரும்பிப் போவாது. நம்ம வூட்டு வழியாதான் போவும். ரோடு வேணாம்னு நான் சொல்லல. கால்வாய வுட்டுட்டு மேட்டால போடுங்க. அப்படிப் போட்டா நாங்க ஏழு பேரும் கை தூக்கறோம்." அவ்வளவுதான். பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெயவேலு தலையைக் குனிந்துகொண்டார். ஆளும் வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. கால்வாயைத் திறப்பதென்று தீர்மானம் வந்தது. பதினைந்து கையும் எழுந்தது. ஏகமனதாக என்று யக்ஞநாராயணன் படித்தார். இந்தத் தடவை குரல் இறங்கவில்லை. அடுத்த தைக்குள் தண்ணீர் பள்ளிக்கரணைக்குப் போய்விட்டது, ஏரி தன் இடத்துக்குத் திரும்பியது.

தெரு மட்டும் சுருங்கவில்லை. சுருங்கும் என்று கிளியம்மாள் காத்திருந்தாள். ஒரு வருஷம் வாசலில் நின்று பார்த்தாள். ஒரு முழம்கூடக் குறையவில்லை. அண்ணியும் நாத்தனாரும் அடித்துக்கொள்ளாமல் இல்லை. குப்பை லாரி விஷயத்தில் ஒருமுறை அஞ்சம்மாள் கோபத்தில் தானே மைக்கை அணைத்துவிட்டாள், கிளியம்மாளும் முந்தானையை உதறிக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள். அப்போது தெரு ஒரு முனகல் முனகியது. கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. கிளியம்மாள் திரும்பி வந்து உட்கார்ந்தாள், அஞ்சம்மாள் மைக்கைப் போட்டாள். இருக்கிற அகலமே போதும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

1998-இல் அந்தத் தெருவுக்கு மினிபஸ் விட்டார்கள். இந்த முனையில் நிறுத்தம் கிளியம்மாள் வீடு, நடுவில் டீக்கடை, கடைசி நிறுத்தம் எதிர்வீடு; பெயர்ப்பலகை சேட்டு எழுதியது, புள்ளிகளெல்லாம் காயும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்து பார்த்துக்கொண்டார். ஜெயவேலு சில நாள் ஏறுவார், டீக்கடையில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிடுவார். அதற்கு மேல் அவருக்குக் கால் வரவில்லை. கிளியம்மாள் குழம்புத் தூக்கைக் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவாள். கொஞ்சமாவது சூடு நிற்கட்டும் என்று அவர் அதை டிரைவர் பக்கத்தில் என்ஜின் மூடியின்மேல் வைத்துக்கொள்வார். இருந்தும் ஆறித்தான் போய்ச் சேரும். அஞ்சம்மாள் அடுப்பில் ஏற்றி ஒரு கொதி விட்டு, முதலில் ஒரு கரண்டி முனிரத்தினத்தின் படத்துக்குமுன் வைப்பாள். தூக்கு முருங்கைக்கீரையோடு மறு நடையில் திரும்பிவிடும்.

புதிதாக அடுக்குமாடியில் குடிவந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. தெரு எப்போதும் இவ்வளவு அகலம் என்றே நினைக்கிறார்கள். பஸ் இன்னும் அடிக்கடி விடலாம் என்பதுதான் அவர்கள் குறை. கடைசி நிறுத்தத்துக்கு ஏன் எதிர்வீடு என்று பெயர், எதிரில் வீடு எதுவும் காணோமே என்று ஒருவர் கேட்டார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே ஜன்னல் வழியாக வந்த பக்கத்தைக் காட்டினார்.

"எதிர்லதான் கீது சார். கொஞ்சம் தூரம், அவ்ளோதான்."